நங்கூரம் பாய்ச்சுதல்: ஒரு கருவியும் அதன் வினைச்சொல்லும்

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் கடலோரத்தில் மாலையில் நடப்போர் அனைவரும் அறிந்த காட்சி ஒன்றிலிருந்து தொடங்குவோம். இருள் கவிந்ததும் கடலின் விளிம்பில் விளக்குகள் வரிசையாகத் தோன்றும். ஊரொன்று நீரின்மேல் குடியேறிவிட்டதோ என ஐயுறும் அளவிற்கு அவை செறிந்திருக்கும். நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களின் விளக்குகள் அவை. எரிபொருள் பெறுவதற்கும், சரக்கு ஏற்றும் முறை வருவதற்கும், மாலுமிகள் மாறுவதற்கும் அக்கப்பல்கள் காத்து நிற்கின்றன. கூர்ந்து நோக்கினால் ஒவ்வொன்றிலும் இரண்டு வெள்ளை விளக்குகளைப் பிரித்தறியலாம்: முன்புறத்தில் ஒன்று உயரமாக இருக்கும்; பின்புறத்தில் ஒன்று தாழ்வாக இருக்கும். 50 மீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ள கப்பல் நங்கூரத்தில் நிற்கும்போது இவ்வாறு விளக்கிட வேண்டும் என்பது பன்னாட்டுக் கடல் விதி. பகலில் இவ்விளக்குகளுக்கு மாற்றாக முன்புறத்தில் கரிய பந்தொன்றைத் தொங்கவிடுவர்.

உயர்ந்த விளக்கு எப்பக்கம் உள்ளது என்று கண்டால் கப்பலின் முகம் எத்திசையில் உள்ளது என்பது விளங்கிவிடும். அவ்வாறு கண்டபின் இன்னொன்றும் புலப்படும். அருகருகே நிற்கும் கப்பல்கள் பெரும்பாலும் ஒரே திசையை நோக்கியிருக்கும். நீரோட்டம் மாறிச் சில மணி நேரம் சென்றபின் பார்த்தால் அவை அனைத்தும் மறுதிசை நோக்கித் திரும்பியிருக்கும். முளையில் கட்டிய மாடு கயிற்றின் எல்லைக்குள் சுற்றி வருவதுபோல, மூக்கருகே கட்டுண்ட கப்பல் நீரும் காற்றும் தள்ளும் பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டே நிற்கிறது. ஆகவே நங்கூரமிட்ட கப்பல் அசையாமல் நிற்கிறது என்று எழுதுவது பொருந்தாது. அது ஒரு வட்டத்திற்குள் அசைந்தபடியே நிற்கிறது.

நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு எழுதியவரே. அதனினும் பெரிய பிழையொன்றுக்கு முழு மதிப்பெண்ணும் இட்டிருக்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன் மொழிபெயர்ப்பு வகுப்பொன்றில் துறைமுகம் பற்றிய ஆங்கிலப் பத்தியைக் கொடுத்திருந்தோம். மாணவி ஒருவர் எழுதிய இரண்டு தொடர்கள் இன்றும் நினைவில் உள்ளன. ஒன்று, 'காலையில் கப்பல் நங்கூரத்தை எடைபோட்டுப் புறப்பட்டது' என்பது. மற்றொன்று, விளக்கமாக அவரே சேர்த்துக்கொண்டது: 'நங்கூரத்தின் எடை கப்பலை அசையாமல் நிறுத்துகிறது.' முதல் தொடரைச் சிவப்பு மையால் சுழித்தோம். வகுப்பில் சிரிப்பும் எழுந்தது. இரண்டாம் தொடரில் எழுவாயும் பயனிலையும் வேற்றுமையும் செம்மையாக இருந்தமையால் சரியெனக் குறியிட்டோம். அடுத்த வாரம் அம்மாணவி விடைத்தாளுடன் வந்து, "ஐயா, நீங்கள் சரியென்று போட்டதுதான் தவறாம். அப்பா சொல்கிறார்" என்றார். அவருடைய தந்தை சரக்குக் கப்பல்களில் நெடுங்காலம் சாரங்காக, அதாவது மாலுமிகளை வேலை வாங்கும் தலைவராக, இருந்து ஓய்வுபெற்றவர். மொழி தெரிந்த ஒருவர் பொருள் தெரியாமல் திருத்திய தாளை அவர் பார்த்துவிட்டார்.

எடைதான் கப்பலை நிறுத்துகிறது என்னும் எண்ணத்தை ஒரு கணக்கால் சோதித்துப் பார்க்கலாம். இதுவரை கட்டப்பட்ட கப்பல்களுள் மிக நீளமானது சீவைஸ் ஜயண்ட் என்னும் எண்ணெய்க் கப்பல். நீளம் 458 மீட்டர்; முழுச் சுமையுடன் அதன் எடை ஏறத்தாழ 657,000 டன். அது உடைக்கப்பட்டபோது அதன் நங்கூரம் ஒன்று ஹாங்காங் கடல்சார் அருங்காட்சியகத்திற்காகக் காக்கப்பட்டது. அந்நங்கூரத்தின் எடை 36 டன். வகுத்துப் பார்த்தால், கப்பல் நங்கூரத்தைப் போல் 18,000 மடங்கிற்கும் மேற்பட்ட கனமுடையது. 70 கிலோ எடையுள்ள ஒருவரை 4 கிராம் எடையுள்ள ஒரு பொருளால் கட்டி நிறுத்துவதற்கு இது ஒப்பாகும். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடை ஏறத்தாழ அவ்வளவே.

இப்புதிரின் முதற்பாதியை அவிழ்ப்பது எளிது. கப்பலின் எடையைத் தாங்குவது நீர், நங்கூரம் அன்று. துறையில் மிதக்கும் படகொன்றைச் சிறுவர்கூட ஒரு கையால் தள்ளிவிட முடிவதை நாம் கண்டிருக்கிறோம். நங்கூரம் எதிர்க்க வேண்டியவை இரண்டே: கப்பலின் பக்கங்களில் மோதும் காற்றின் தள்ளலும், அடிப்பகுதியைப் பற்றி இழுக்கும் நீரோட்டமும். ஆயினும் பெருங்கப்பலின்மேல் வீசும் காற்றின் விசை நங்கூரத்தின் எடையைவிடப் பன்மடங்காக உயரக்கூடும். வெறும் எடையாகத் தரையில் கிடக்கும் இரும்பு அவ்விசைக்கு ஈடுகொடாது. இழுத்த இழுப்பிற்கு வழுக்கிக்கொண்டு செல்லும். புதிரின் மறுபாதி இங்கேதான் உள்ளது.

அதை அவிழ்த்துக் காட்டியவர் அந்தச் சாரங்குப் பெரியவர். கடலோரக் காப்பிக்கடை ஒன்றில் அவரைச் சந்தித்தோம். விளக்கிச் சொல்வார் என்று எதிர்பார்த்துக் குறிப்பேட்டுடன் சென்றிருந்தோம். அவரோ கடையில் பொட்டலம் கட்டும் ராஃபியா கயிற்றில் ஒரு முழமும், முள்கரண்டி ஒன்றும் கேட்டு வாங்கிக்கொண்டு எம்மை மணலுக்கு அழைத்துச் சென்றார். கரண்டியின் முட்களைச் சற்றே வளைத்து, காம்பில் கயிற்றைக் கட்டி, ஈர மணலின்மேல் வைத்தார். கயிற்றைத் தரையோடு தரையாகப் படியவைத்து இழுத்தார். முட்கள் மணலைக் கீறி உள்ளே இறங்கின. மேலும் இழுத்தபோது மேலும் இறங்கின, கயிறு விறைத்தது. "இழுக்க இழுக்க இறங்குகிறது, பார்த்தீர்களா ஐயா?" என்றார். பின்னர்க் கயிற்றை மேல்நோக்கித் தூக்கினார். அவ்வளவு உறுதியாகப் பற்றியிருந்த கரண்டி எவ்வித எதிர்ப்பும் காட்டாமல் கையோடு வந்துவிட்டது. நங்கூரத்தின் இயக்கம் முழுவதும் இவ்விரண்டு அசைவுகளுக்குள் அடங்கும். ஈர மணல் நிரப்பிய தட்டொன்று கிடைத்தால் இதனை எவ்வகுப்பிலும் செய்து காட்டலாம். நாம் பின்னர்ப் பலமுறை செய்து காட்டியிருக்கிறோம்.

இனி உறுப்புகளைக் காண்போம். படங்களிலும் சின்னங்களிலும் நாம் காணும் பழைய வடிவ நங்கூரத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். நடுவே நீண்டிருப்பது தண்டு. தண்டின் மேல்முனையில் சங்கிலியைப் பூட்டும் வளையம் உண்டு. கீழ்முனையிலிருந்து இருபுறமும் வில்போல வளைந்து பிரிபவை கைகள். ஒவ்வொரு கையின் முனையிலும் அகன்ற தகடு ஒன்று உள்ளது. அதன் நுனி கூர்மையானது. மண்ணைக் கீறிப் புகுவது இத்தகடே. ஆங்கிலத்தில் இதனை ஃபுளூக் என்பர். இக்கட்டுரையில் இதனைக் 'கொழு' என வழங்குவோம். கலப்பையின் நுனியில் பொருத்தும் இரும்பிற்கு உழவர் வழங்கும் பெயர் அது. அதற்கான காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

எஞ்சியுள்ள உறுப்பே நம்மை நெடுநாள் குழப்பியது. வளையத்திற்குச் சற்றுக் கீழே, தண்டின் குறுக்காக ஒரு கட்டை செல்கிறது. படத்தில் பார்க்கும்போது அது கைகளுக்கு இணையாக இருப்பதாகத் தோன்றும். சின்னம் வரைவோரும் அவ்வாறே வரைந்துவிடுவர். உண்மையில் அது கைகளுக்குச் செங்குத்தான தளத்தில் அமைந்தது. கைகள் வடக்குத் தெற்காக இருந்தால் கட்டை கிழக்கு மேற்காக இருக்கும். நங்கூரம் கடலடியில் விழும்போது கைகள் தரையில் படுத்துக்கொண்டால் கொழு மண்ணில் புகாது. அந்நிலையில் குறுக்குக்கட்டையின் ஒருமுனை தரையில் ஊன்றி, மறுமுனை மேலே நிற்கும். சங்கிலி இழுத்ததும் அந்நிலை தாங்காமல் கட்டை புரண்டு தரையில் படுக்கும். கட்டை படுத்தால் கைகள் நிமிரும். ஒரு கொழு மண்ணை நோக்கும். பற்றும் வேலையில் நேரடியாகச் சேராமல், பற்றும் உறுப்பைச் சரியான நிலையில் திருப்பி நிறுத்துவதே இக்கட்டையின் பணி. இலக்கணத்தில் சாரியை செய்யும் பணி நமக்கு நினைவிற்கு வருகிறது. அந்த ஒப்புமையை மிகுதியாக நீட்ட வேண்டியதில்லை.

பழைய வடிவத்திற்குக் குறைகளும் இருந்தன. ஒரு கொழு மண்ணுக்குள் இருக்கையில் மற்றொன்று மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கப்பல் சுற்றிவரும்போது கயிறோ சங்கிலியோ அதில் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் நங்கூரமே பெயர்ந்துவிடும். பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையின் பழைய சின்னத்தில் நங்கூரத்தைச் சுற்றிக் கயிறு வளைந்திருப்பதை அழகுக்காக வரைந்தது என்று நாம் எண்ணியிருந்தோம். மாலுமிகளுக்கு அது சிக்குண்ட நங்கூரம். நேரக் கூடாதது நேர்ந்துவிட்ட நிலை. குறுக்குக்கட்டை இருப்பதால் நங்கூரத்தைக் கப்பலின் மேல் ஏற்றி வைப்பதும் கடினமாக இருந்தது.

1821-இல் இங்கிலாந்தில் கட்டையில்லா நங்கூரத்திற்குக் காப்புரிமை பெறப்பட்டது. இன்று பெருங்கப்பல்களில் பெரும்பாலும் காணப்படுவது அவ்வகையே. இதில் கைகள் தண்டோடு விறைப்பாகப் பிணைக்கப்படவில்லை. கீல்போல அமைந்த அடித்தலையில் இரு கொழுக்களும் ஒன்றாகத் தண்டின் இருபுறமும் ஏறத்தாழ 45 பாகை வரை சாயக்கூடும். எப்பக்கமாக விழுந்தாலும் இழுப்பு வந்ததும் அடித்தலையின் விளிம்பு தரையில் தடுக்கி, கொழுக்களைக் கீழ்நோக்கித் தள்ளும். இரண்டும் ஒருங்கே மண்ணில் இறங்கும். தண்டோ, கப்பலின் முகப்பிலுள்ள சங்கிலிக் குழாய்க்குள் நேராக ஏறி அமர்ந்துவிடும். கப்பலின் முகத்தில் இருபுறமும் இரண்டு கொழுக்கள் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் நாம் காண்பது இதனையே. எடைக்கு எடை ஒப்பிட்டால் இதன் பிடிப்பு சிறந்ததன்று. தன் எடையைப்போல் சில மடங்கே பிடிக்கும். கையாளும் எளிமைக்காகக் கப்பல் உலகம் அக்குறையை ஏற்றுக்கொண்டது. ஒரே எடையில் இதைப்போல் இரு மடங்காவது பிடிக்கும் சிறப்பு வகைகளும் பின்னர் வந்துள்ளன.

நங்கூரத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவர். பெரியவர் இதனை ஏற்கவில்லை. "நங்கூரம் பாதிதான் ஐயா. மீதி சங்கிலி" என்றார். கரண்டியின் இரண்டாவது அசைவை நினைத்துப் பார்த்தால் அவர் கூற்று விளங்கும். இழுப்பு கிடையாக வரும்வரைதான் கொழு பற்றும். தண்டு சில பாகை உயர்ந்தாலே பிடிப்பு தளரத் தொடங்கும். ஆனால் கப்பலோ நீரின் மேலே இருக்கிறது. நங்கூரம் அடியில் இருக்கிறது. மேலிருந்து இழுப்பவர் கிடையாக இழுப்பது எங்ஙனம்? இச்சிக்கலைத் தீர்ப்பது சங்கிலியின் எடை. வேண்டிய ஆழத்தைவிடப் பல மடங்கு நீளமான சங்கிலியைக் கடலில் விடுகிறார்கள். அது கப்பலின் முகப்பிலிருந்து தொங்கி, வளைந்து, கடல் தரையைத் தொட்டு, நெடுந்தொலைவு தரையிலேயே கிடந்து நங்கூரத்தைச் சென்றடைகிறது. ஆகவே நங்கூரத்திற்கு வந்து சேரும் இழுப்பு கிடையாகவே வருகிறது. எடைக்கு வேலை இல்லை என்று நாம் கூறவில்லை என்பதைக் கவனிக்க. எடையின் வேலை வேறு, வேலை செய்யும் இடமும் வேறு.

இவ்வளைவுக்கு மற்றொரு பயனும் உண்டு. காற்று திடீரென ஓங்கி அடித்தால் கப்பல் பின்னடையும். தரையில் கிடந்த சங்கிலியின் ஒரு பகுதி மேலெழும்பும். அப்பெருங்கனத்தைத் தூக்குவதிலேயே அதிர்ச்சியின் வேகம் செலவாகிவிடும். காற்று தணிந்ததும் சங்கிலி மீண்டும் படிந்து கப்பலை மெல்ல முன்னுக்கு இழுக்கும். இரும்பாலான சங்கிலி இங்கே நீளும் கயிறுபோல் நடந்துகொள்கிறது. எடையற்ற, நீளாத கம்பி ஒன்றை இதற்குப் பதிலாகக் கட்டினால் ஒவ்வோர் அதிர்ச்சியும் குறையாமல் கொழுவைச் சென்று தாக்கும்.

சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியின் நடுவிலும் குறுக்காக ஒரு சிறு தூண் இருக்கும். கண்ணி நசுங்காமலும், சங்கிலி முறுக்கிச் சிக்கலாகாமலும் காப்பது அது. சங்கிலி முழுவதும் ஒரே துண்டாக இராது, 27.5 மீட்டர் நீளமுள்ள துண்டுகளைப் பூட்டிப் பூட்டி அமைப்பர். பெரிய கப்பலில் ஒவ்வொரு பக்கத்திற்கும் பத்துக்கு மேற்பட்ட துண்டுகள் இருக்கும். பூட்டுமிடங்களில் வண்ணம் பூசியும் கம்பி சுற்றியும் அடையாளமிடுவர். எத்தனை துண்டு வெளியே சென்றது என்பதை முகப்பில் நிற்பவர் அவ்வடையாளத்தைக் கண்டு எண்ணிச் சொல்வார். 20 மீட்டர் ஆழத்தில் 5 துண்டுகள் விட்டால் 137.5 மீட்டர், ஆழத்தைப்போல் ஏறத்தாழ 7 மடங்கு. முகப்பு நீருக்கு மேல் நிற்கும் உயரத்தையும் கணக்கில் சேர்ப்பது நல்லது.

சங்கிலியின் உள்முனை கப்பலுக்குள் சங்கிலி அறையில் பிணைக்கப்பட்டிருக்கும். பேரிடரில் சங்கிலியை முழுவதும் கைவிட நேர்ந்தால் அவ்வறைக்கு வெளியே இருந்தே பிணைப்பை விடுவிக்க வழி அமைத்திருப்பர். இம்முனைக்கு ஆங்கில மாலுமிகள் இட்ட பெயரில், கசப்பைக் குறிக்கும் சொல்லின் வடிவத்தையே கொண்ட சொல் ஒன்று வருகிறது. அது கயிற்றைக் கட்டும் 'பிட்' என்னும் தூண்களிலிருந்து பிறந்தது. சுவையோடு அதற்குத் தொடர்பில்லை. 'கசப்பான முனை' என்று எழுதப்பட்ட மொழிபெயர்ப்பொன்றையும் நாம் திருத்த நேர்ந்தது. அதனை மட்டும் தவறவிடவில்லை என்பதில் சிறு மனநிறைவு உண்டு.

நங்கூரத்தை இறக்கும் முறையும் மேற்கூறியவற்றிலிருந்தே பிறக்கிறது. கப்பல் காற்றையோ நீரோட்டத்தையோ எதிர்த்து முகம் திருப்பி, ஏறத்தாழ நின்றுவிடும். பிறகு மெல்லப் பின்னோக்கி நகரும். அந்நிலையில்தான் விண்ட்லஸ் எனப்படும் சுழல்பொறியின் பிரேக்கைத் தளர்த்தி நங்கூரத்தை விடுவர். நின்றபடியே விட்டால் சங்கிலி நங்கூரத்தின் மேலேயே குவியலாக விழுந்துவிடும்; பின்னோக்கி நகர்ந்தால் தரையில் நேராகப் பரவும். ஆழம் மிகுந்த இடத்தில் தானாக விழவிடுவதில்லை. வேகம் கட்டுக்கடங்காமல் போனால் பிரேக் எரிந்து சங்கிலி முழுவதும் ஓடிவிடக்கூடும். அங்கெல்லாம் சுழல்பொறியாலேயே படிப்படியாக இறக்குவர். வேண்டிய நீளம் சென்றதும் பிரேக்கை இறுக்கி, சங்கிலித் தடுப்பைப் பூட்டிவிடுவர். கப்பலின் இழுப்பைத் தாங்க வேண்டியது தடுப்பு, பொறியன்று. சங்கிலி விறைத்து, பின் தளர்ந்து, அமைதியாகத் தொங்கினால் கொழு பற்றிவிட்டது என்று கொள்வர். விறைத்த சங்கிலி நடுநடுங்கினால் நங்கூரம் தரையில் இழுபடுகிறது என்பது பொருள். பெரியவர் சங்கிலியின்மேல் கைவைத்தே அதை அறிந்துவிடுவதாகக் கூறினார்.

நங்கூரத்தின் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். கப்பல்களின் தரத்தை வகுக்கும் கழகங்களின் பன்னாட்டுச் சங்கம் நங்கூரத்தின் அளவைக் கணிக்கும்போது, வினாடிக்கு 25 மீட்டர் காற்றையும், வினாடிக்கு 2.5 மீட்டர் நீரோட்டத்தையும், ஆழத்தைப்போல் 6 முதல் 10 மடங்கு சங்கிலி விடப்பட்டிருப்பதையும் அடிப்படையாகக் கொள்கிறது. தரை நன்கு பற்றும் தரையாக இருக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். களிமண் நன்கு பற்றும். பாறை பெரும்பாலும் கைவிடும், அல்லது கொழுவைச் சிக்கவைத்துத் திருப்பித் தராது. இக்கருவி துறைமுகத்திலோ மறைவான நீர்ப்பரப்பிலோ தற்காலிகமாக நிற்பதற்கே உரியது என்றும், திறந்த கடற்கரையில் புயலில் கப்பலைப் பிடித்து நிறுத்துவதற்கு உரியதன்று என்றும் அவ்விதிகள் வெளிப்படையாகவே கூறுகின்றன.

2007 ஜூன் 8 அன்று ஆஸ்திரேலியாவின் நியூகாசல் துறைமுகத்திற்கு வெளியே நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. நிலக்கரி ஏற்றுவதற்காக ஐம்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டுக் காத்திருந்தன. கடும்புயல் வந்தது. பல கப்பல்கள் முன்கூட்டியே நங்கூரத்தை எடுத்துக்கொண்டு ஆழ்கடலுக்குச் சென்றன. பாஷா பல்கர் என்னும் கப்பல் தங்கியிருந்தது. நங்கூரம் இழுபடத் தொடங்கியபின் அதனைத் தூக்கிக்கொண்டு வெளியேற முயன்றது. காற்றும் அலையும் விடவில்லை. நாபிஸ் கடற்கரையில், நகர மக்கள் பார்த்துக்கொண்டிருக்கையில், அது தரைதட்டியது. மாலுமிகள் அனைவரும் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டனர். கப்பலை மீண்டும் மிதக்கவைக்க ஜூலை 2 வரை ஆயிற்று. நங்கூரத்தின் கனத்தை நம்பி நிற்பதற்கும், அது எதனால் பிடிக்கிறது, எப்போது விட்டுவிடும் என்று அறிந்து நிற்பதற்கும் உள்ள வேறுபாடு மாலுமிக்கு உயிர் பற்றியது. நம் வகுப்பில் அது ஒரு மதிப்பெண்ணாக இருந்தது.

இனிச் சொற்களுக்கு வருவோம். 'எடைபோட்டு' என்று எழுதிய மாணவியை நாம் சிரித்தது முற்றிலும் நியாயமன்று. நங்கூரம் தூக்குதலைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் வினையும் எடைபோடுதலைக் குறிக்கும் வினையும் ஒன்றே. பழைய ஆங்கிலத்தில் அவ்வினைக்குச் சுமத்தல், தூக்குதல், நகர்த்துதல் என்னும் பொருள்கள் இருந்தன. தூக்கிப் பார்த்து நிறுப்பதால் எடைப்பொருள் பின்னர் வந்தது. கப்பல் வழக்கில் மட்டும் பழம்பொருள் உறைந்து நின்றுவிட்டது. தமிழிலும் தூக்கு என்னும் சொல்லுக்கு உயர்த்துதலும் நிறுத்தலும் ஆகிய இரு பொருளும் உண்டு என்பதை அன்று வகுப்பில் கூறியிருந்தால் சிரிப்புக்குப் பதில் ஒரு பாடம் கிடைத்திருக்கும். 'நங்கூரம் தூக்கு' என்பதே நம் வழக்கு. அத்தூக்குதலும் எளிய வேலையன்று: 82.5 மீட்டர் ஆழத்தில், அதாவது மூன்று துண்டுச் சங்கிலியோடு, தொங்கும் நங்கூரத்தை நிமிடத்திற்கு 9 மீட்டர் வீதமாவது சுழல்பொறி உயர்த்த வேண்டும் என்பது விதி.

நங்கூரம் என்னும் பெயரைப் பாரசீக மொழியின் 'லங்கர்' என்னும் சொல்லோடு இணைத்துக் காட்டுவர். ஆங்கிலச் சொல்லோடு ஒலி ஒத்திருப்பதைக் கொண்டு அதிலிருந்து வந்தது என்பாரும் உளர், அது பொருந்தாது. ஆங்கிலச் சொல் இலத்தீன் வழியே கிரேக்கத்திலிருந்து வந்தது. வளைவைக் குறிக்கும் வேரில் பிறந்தது. லகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பியம் காட்டும் மரபு. பிறமொழிச் சொல் லகரத்தோடு வந்தால் இலாபம், உலோகம் என முன்னே ஓர் உயிரைச் சேர்த்துக்கொள்வோம். இங்கோ லகரம் இருந்த இடத்தில் நகரம் அமர்ந்துள்ளது. அடுத்து வரும் மெல்லெழுத்து தன் இனத்தை முன்னே இழுத்துக்கொண்டது எனலாம். இம்மாற்றம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மராத்தியில் நங்கூரத்திற்கு 'நாங்கர்' என்பர். அம்மொழியில் கலப்பைக்கும் 'நாங்கர்' என்பதே பெயர். வடமொழியில் கலப்பை 'லாங்கலம்' எனவும், தமிழ் இலக்கிய வழக்கில் 'நாஞ்சில்' எனவும் நிற்பதை நோக்கினால் அங்கும் லகர நகர மாற்றம் இருப்பது தெரியும். கலப்பையின் பெயரும் நங்கூரத்தின் பெயரும் வெவ்வேறு இடத்துப் பிறந்து ஒலியால் அருகருகே வந்து நின்றன என்பதே நம் கருத்து; இரண்டும் ஒரே சொல் என்று நாம் கூறவில்லை. ஆயினும் மராத்தி மீனவர் ஒருவர் ஒரே சொல்லால் இரண்டையும் குறிக்கும்போது அவருக்கு எவ்வித முரணும் தோன்றியிராது. இரண்டும் மண்ணைக் கீறும் கருவிகள் அல்லவா? 1933-இல் ஜெஃப்ரி டெய்லர் என்னும் ஆங்கில இயற்பியலாளர் சிறுபடகுகளுக்கென வடிவமைத்த நங்கூரம் கலப்பையின் வடிவிலேயே அமைந்தது. படகோட்டிகள் இன்றும் அதனைக் கலப்பை நங்கூரம் என்கின்றனர். நாம் 'கொழு' என்னும் சொல்லைத் தேர்ந்ததற்கு இவையே காரணம். தகடு, இதழ் என்றெல்லாம் சிலர் எழுதுவதுண்டு. அவை வடிவத்தைச் சொல்கின்றன, வேலையைச் சொல்லவில்லை.

பெயர் இரவலாக வந்தது. அதனோடு சேர்ந்த வினையோ தமிழுக்கே உரியது. 'நங்கூரம் பாய்ச்சு' என்கிறோம். பாய் என்னும் தன்வினை, காய் காய்ச்சு என்றாவதுபோலப் பாய்ச்சு எனப் பிறவினையாகும். வயலுக்கு நீர் பாய்ச்சுகிறோம்; உடலில் வேல் பாய்ச்சுகிறோம். கூர்முனையோடு ஒன்றினுள் செலுத்துவது அதன் பொருள். நங்கூரம் கனத்தால் கிடந்து நிறுத்துவது என்று நம் முன்னோர் கருதியிருந்தால் 'வை' என்றோ 'கிடத்து' என்றோ சொல்லியிருப்பர். பண்டைக் காலத்தில் துளையிட்ட கல்லைக் கயிற்றில் கட்டி இறக்கியபோது எடைதான் பிடித்தது. துவாரகைக் கடலடியில் அத்தகைய கற்கள் பல கிடைத்துள்ளன. அக்கற்களுக்குப் பாய்ச்சு என்னும் வினை பொருந்தாது. கொழுவுள்ள கருவியைக் கையாண்டவரே இவ்வினையை அமைத்திருக்க வேண்டும். அன்று நாம் முழு மதிப்பெண் இட்ட தொடரிலுள்ள பிழையை இந்த வினைச்சொல் ஒன்றே சுட்டிக்காட்டியிருக்கும், நாம்தான் கேட்கவில்லை. நம் அண்டை மொழியான மலாய் இன்னொரு செயலைப் பிடித்துக்கொண்டது. தொங்கவிடு, இறக்கு என்னும் பொருளுடைய 'லபோ' என்னும் அடியிலிருந்து அம்மொழியின் துறைமுகச் சொல்லாகிய 'பெலபோஹான்' பிறந்தது. நங்கூரம் இறக்கும் இடமே அவர்களுக்குத் துறைமுகம். கிள்ளான் துறைமுகத்தின் பெயர்ப்பலகையில் நாம் காண்பது அச்சொல்லையே.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபோது அந்தப் பழைய தொடரைத் திருத்தி எழுதிப் பெரியவரிடம் கொண்டு சென்றோம். 'நங்கூரம் பாய்ச்சி வேண்டிய நீளம் சங்கிலி விட்டால், தரையில் கிடக்கும் சங்கிலி இழுப்பைக் கிடையாக்க, கொழு மண்ணைப் பற்றிக் கப்பலை ஒரு வட்டத்திற்குள் நிறுத்துகிறது' என்று எழுதியிருந்தோம். இருமுறை படித்தார். எம் பேனாவைக் கேட்டு வாங்கி, தொடரின் முன்னே மூன்று சொற்களைச் சேர்த்தார்: 'மண் நன்றாக இருந்தால்.'